வாடைக்காற்றோடு மாலைதீவுக்கு: பிள்ளைகளோடு ஒரு பாய்ப்படகுப் பயணம்

கொழும்பிலிருந்து மாலேக்கு விமானத்தில் போனால் ஒன்றரை மணித்தியாலம். நாங்கள் காலியிலிருந்து பாய்ப்படகில் போனோம். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தீவு தீவாக நின்று நின்று போனோம். திரும்பி வந்ததிலிருந்து எல்லோரும் கேட்பது, "கடலில் பயமாக இருக்கவில்லையா?" என்றுதான். அதைப் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் இப்படியொரு எண்ணம் இருக்கிற குடும்பங்களுக்குக் கரையில் செய்யவேண்டிய வேலைகளைச் சொல்வதுதான் கூடுதலாக உதவும். எங்களுக்கும் அதிக நேரமும் யோசனையும் போனது அங்கேதான்.

படகு அண்ணாவுடையது. அவுஸ்திரேலியாவில் இருக்கிறார். நாற்பது அடி நீளமான, பழைய, உறுதியான படகு. அவரும் மச்சாளும் மலேசியாவின் லங்காவித் தீவிலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து காலிக்கு வருவதாகவும், பிறகு மாலைதீவு போவதாகவும் சொன்னார்கள். "நீங்களும் ஏறுங்கோவன், இடம் இருக்கு" என்றார் அண்ணா. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அன்றிரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. மாமி வேண்டாம் என்றார். சின்னப் பிள்ளைகள், நடுக்கடல், டொக்டர் இல்லை என்று அவர் சொன்ன காரணங்கள் எல்லாமே நியாயமானவை. என் அம்மாவின் ஊர் வல்வெட்டித்துறை. அவர் மட்டும், "எங்கட ஊர்க் கப்பல் அமெரிக்கா மட்டும் போனது, உங்களுக்கு மாலைதீவு போறதுக்கு என்ன?" என்றார். அவர் சொன்னது அன்னபூரணியை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அந்தப் பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்கினார். எங்கள் ஊர் மாலுமிகளோடு அது 1938இல் மசசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. அம்மா சின்ன வயதிலிருந்து கேட்ட கதை அது.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, திகதியை நாங்கள் தீர்மானிக்க முடியாது என்பது. காற்றுத்தான் தீர்மானிக்கும். மார்கழியிலிருந்து பங்குனி வரை வடகிழக்கிலிருந்து வாடை வீசும். காலியிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு அது பின்னாலிருந்து தள்ளுகிற காற்று. மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து சோளகம் தொடங்கினால் முகத்துக்கு நேரே அடிக்கும், கடலும் எழும்பும். அதற்கு முன்னே, ஐப்பசி முதல் மார்கழி வரை வங்காள விரிகுடாவில் புயல் பயம். அதனால் அண்ணா தை பிறந்த பிறகே லங்காவியை விட்டு வெளிக்கிட்டார். எங்களுக்குக் கிடைத்தது தை கடைசிக்கும் பங்குனி நடுவுக்கும் இடைப்பட்ட காலம். லீவு, பள்ளிக்கூடம், கடவுச்சீட்டு எல்லாவற்றையும் அதற்குள்தான் பொருத்த வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடம்தான் முதல் கவலை. மகள் தரம் 8, மகன் தரம் 3. இன்னும் ஒரு வருடம் பொறுத்திருந்தால் மகன் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கிவிடுவான். அது முடிய மகளுக்கு சாதாரண தரம். எங்கள் நாட்டில் பிள்ளைகளோடு நீண்ட பயணம் போக இந்த இரண்டு பரீட்சைகளுக்கு நடுவே கிடைக்கிற இடைவெளி மிகச் சிறியது. அது எங்களுக்கு அந்த வருடம்தான் வாய்த்தது. அதிபரை நேரில் சந்தித்துக் கடிதம் கொடுத்தோம். வகுப்பாசிரியர்கள் அந்தக் காலத்தில் படிப்பிக்கப் போகும் அலகுகளை எழுதித் தந்தார்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களைத் தமிழ் மொழிமூலத்தில் பிடிஎஃப்பாக இறக்கி, இரண்டு டப்லெட்டில் போட்டுக்கொண்டோம். கடலில் இணையம் இருக்காது என்பதால் எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கி வைப்பது அவசியம்.

பிள்ளைகளின் கடவுச்சீட்டு மூன்று வருடத்துக்குத்தான் செல்லுபடியாகும். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேருடையதும் முடியக் கிட்ட இருந்தது. பத்தரமுல்லைக் குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய்ப் புதுப்பித்தோம். தாய், தகப்பன் இருவருடைய சம்மதமும் தேவை. ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அதற்குக் கூடுதலாக நேரம் ஒதுக்குங்கள்.

அப்புறம் படகின் கடதாசிகள். கொழும்புத் துறைமுகம் கொள்கலன் கப்பல்களுக்கானது. இப்படியான படகுகள் வழமையாகக் காலிக்குத்தான் வரும், அங்கே ஒரு முகவர் மூலமாகத்தான் வேலை நடக்கும். படகின் பதிவுப் பத்திரம், முந்தைய துறைமுகம் கொடுத்த வெளியேற்றப் பத்திரம், படகில் இருக்கிற எல்லோருடைய பெயரும் உள்ள மாலுமிப் பட்டியல் ஆகிய மூன்றும் அடிப்படை. தனியார் படகில் பயணி என்று தனியாக ஆள் இல்லை. மூன்றாம் வகுப்பு மாணவனும் மாலுமிப் பட்டியலில்தான் வருவான். அந்தப் பட்டியலில் பத்துப் பிரதி எடுத்து வையுங்கள், ஒவ்வொரு மேசையிலும் ஒன்று கேட்பார்கள். படகின் பெயர் பொறித்த ஒரு றப்பர் முத்திரையை அண்ணா வைத்திருந்தார். அதை அடித்த கடதாசிக்கு எல்லா இடத்திலும் மரியாதை இருந்தது.

எங்களுக்கு ஒரு தடங்கல் வந்தது. முகவர் அலுவலகத்தில் தட்டச்சு செய்த பட்டியலில் மகனுடைய கடவுச்சீட்டு எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. குடிவரவு அதிகாரி அதைப் பிடித்துவிட்டார். திருத்தி, மறுபடி கையெழுத்து வாங்கி முடிக்கும்போது அன்றைய பகல் போய்விட்டது. நல்ல காற்று வீணாகப் போனதில் அண்ணாவுக்கு மனவருத்தம். ஆனால் அந்தப் பிழை அங்கேயே பிடிபட்டது பெரிய உதவி. இங்கே கொடுக்கும் வெளியேற்றப் பத்திரத்தைத்தான் அடுத்த நாட்டில் முதலில் கேட்பார்கள். நடுக்கடலில் இருந்துகொண்டு அதைத் திருத்த வழியில்லை.

மாலைதீவில் வந்திறங்கும்போது முப்பது நாள் விசா கிடைக்கும். திரும்பிப் போகிற டிக்கற்றும் இருக்க வேண்டும், அதனால் மாலேயிலிருந்து கொழும்புக்குத் திகதி மாற்றக்கூடிய டிக்கற் எடுத்தோம். மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டுபோகத் தடை. வழிபாட்டுக்கான சிலைகளுக்கும் தடை. அதனால் பிள்ளையாரை வீட்டுச் சாமியறையிலேயே விட்டுவிட்டு, காலியில் ஒரு தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டுப் படகில் ஏறினோம்.

சாமான் வாங்கியது பெரும்பாலும் புறக்கோட்டையில். நாலாம் குறுக்குத் தெருவில் அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு. வெள்ளவத்தைச் சந்தையில் தேசிக்காய், இஞ்சி, காயாகப் பார்த்துத் தக்காளி, இன்னும் பழுக்காத வாழைக்குலை. முட்டையைக் கழுவாமல் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் வாசிலின் பூசி வைத்தால் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே பல நாள் இருக்கும் என்று மச்சாள் காட்டித் தந்தார். யாழ்ப்பாணத்துத் தூளை அம்மாவே வறுத்து இடிப்பித்துத் தந்தார். குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லீற்றர் என்று கணக்குப் போட்டு, தாங்கித் தண்ணீருக்கு மேலதிகமாகப் போத்தல்களும் கட்டி வைத்தோம்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சட்டம்தான் போட்டோம். மேல்தளத்துக்கு வந்தால் இடுப்பிலும் தோளிலும் பட்டி கட்டி, அதன் கொக்கியைப் படகில் மாட்டியிருக்க வேண்டும். பகலோ இரவோ, கடல் அமைதியோ இல்லையோ, விதிவிலக்கு இல்லை. இதைக் காலித் துறைமுகத்துக்குள் நின்றபோதே பழக்கினோம். ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்புகிற இபெர்ப் கருவி எங்கே இருக்கிறது, வானொலியில் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்பது எப்படி என்பதை மகள் மனப்பாடமாகச் சொல்லும்வரை அண்ணா விடவில்லை. எனக்கு மனத்தைரியம் வந்தது அதைக் கேட்டபோதுதான்.

காலியிலிருந்து மாலைதீவின் வட முனையில் இருக்கிற உலிகமு தீவுக்கு 400 கடல் மைலுக்கு மேல். ஐந்து நொட் வேகத்தில், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல் போனால், நான்கு நாளுக்குக் கிட்டச் செல்லும். கடற்படையினர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் வெளிக்கிட்டோம்.

பயம் என்று கேட்டால், முதல் இரவுதான். புயலும் பேரலையும் வந்ததால் இல்லை. கப்பல்களால். தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே உலகத்திலேயே நெருக்கடியான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. செங்கடலுக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடையே ஓடுகிற பெரிய கப்பல்கள் எல்லாம் அந்த வழிதான். இரவில் ஒரு கப்பலின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கம், பச்சை மட்டும் என்றால் வலப்பக்கம். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அது நேரே எங்களை நோக்கி வருகிறது. அப்படி ஒன்று வந்தது. கருவித் திரையில் பெயரைப் பார்த்து அண்ணா வானொலியில் கூப்பிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து அமைதியான குரலில் பதில் வந்து, கப்பல் கொஞ்சம் திரும்பியது. அதுவரை நான் மூச்சு விட்டதாக ஞாபகம் இல்லை.

கடல்நோய் எல்லோருக்கும் வந்தது, மகளைத் தவிர. உடம்பு ஆடுவதைக் காது உணர்கிறது, படகுக்குள்ளே கண்ணுக்கு எதுவும் அசையவில்லை. இந்த முரண்தான் சத்தியைக் கிளப்புகிறது. அதனால் உள்ளே படுத்திருப்பதை விட வெளியே வந்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. மாத்திரையைச் சத்தி தொடங்கிய பிறகு போட்டுப் பலனில்லை, வெளிக்கிட முன்பே போட வேண்டும். பிள்ளைகளுக்கான அளவைக் கொழும்பில் குழந்தை வைத்தியரிடம் எழுதி வாங்கியிருந்தோம். முதல் நாள் கிறீம்கிறேக்கர் பிஸ்கற், இஞ்சித் தேத்தண்ணி, அவ்வளவுதான். அடுத்த நாள் பின்னேரம் மகன் தானாகவே சோறு கேட்டான்.

அதன் பிறகு வந்த இரவுகளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருவராகக் காவல் இருந்தோம். வாடை ஒரே சீராக வீசியது. கொழும்பில் பிறந்து வளர்ந்த எனக்கு அத்தனை நட்சத்திரம் இருப்பதே தெரியாது.

உலிகமுவில், அதிகாரிகள் வந்து அனுமதிக்கும்வரை பறக்கவிடுகிற மஞ்சள் கொடியை ஏற்றி, நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம். சுங்கம், குடிவரவு, சுகாதாரம் என்று அதிகாரிகள் படகுக்கே வந்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள், பிள்ளைகளின் பெயரைக் கேட்டார்கள். மற்ற தீவுகளுக்குப் போகத் தனி அனுமதிப் பத்திரம் வேண்டும், அதை அங்குள்ள முகவர் எடுத்துத் தந்தார்.

அங்கிருந்து தெற்கே மாலே வரை ஒவ்வொரு பவளத்தீவுக் கூட்டமாக இறங்கினோம். இந்தப் பகுதியில் கண்ணை நம்பித்தான் ஓட வேண்டும். கடல் மண்ணிறமாகத் தெரிந்தால் முருகைக்கல், வெளிர் நீலம் என்றால் மணல், கருநீலம் என்றால் ஆழம். சூரியன் உச்சியில் இருக்கும்போதுதான் இந்த நிறங்கள் பிரியும். அதனால் காலை பத்து மணிக்கு முன்னும் பிற்பகல் மூன்றுக்குப் பின்னும் நகர்வதில்லை. மகன் முன்னால் நின்று, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிறம் சொல்வான். நங்கூரமிடும் இடங்கள் ஆழமானவை, இருபது மீற்றர்கூட இருக்கும். ஆழத்தைப்போல நாலு மடங்கு சங்கிலி விட்டால்தான் நிம்மதியாகத் தூங்கலாம்.

காலையில் பாடம், பிறகுதான் தண்ணீர். எரிமலை மெல்லத் தாழ, அதன் விளிம்பில் முருகைக்கல் மேல்நோக்கி வளர்ந்து கடைசியில் வளையம் மட்டும் மிஞ்சுகிறது என்று 1842இல் டார்வின் எழுதியதை, அந்த வளையத்துக்குள்ளே மிதந்துகொண்டு மகள் படித்தாள். அன்று மத்தியானம் நீந்திவிட்டு வந்து, "அம்மா, நிறைய இடத்தில் வெள்ளையாய், செத்துப்போய்க் கிடக்கு" என்றாள். 2016இல் கடல் சூடேறியபோது மாலைதீவின் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறின. நான் கற்பனை செய்திருந்த நிறங்களில் பல அங்கே இல்லை. பிள்ளைகளுக்கு அதை மறைக்காமல் சொன்னோம். மகள் அன்றிரவு நிறையக் கேள்வி கேட்டாள்.

ஊர் உள்ள தீவுகளில் இறங்கும்போது தோளும் முழங்காலும் மூடி உடுத்துப் போனோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைகள் பூட்டியிருக்கும். ஒரு தீவில் மாசிக் கருவாடு செய்கிற வீட்டுக்குப் பின்வளவில் நின்று பார்த்தோம். சூரையை அங்கே வலை போட்டுப் பிடிப்பதில்லை, ஒவ்வொன்றாகத் தூண்டிலில் இழுக்கிறார்கள். அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் மரக்கட்டை போல இறுகும்வரை காயவைக்கிறார்கள். வருடக்கணக்காக எங்கள் சம்பலுக்குள் இடித்துப் போட்டது எப்படி வருகிறது என்று அன்றுதான் பார்த்தேன். அந்த வீட்டுக்காரர் வெள்ளவத்தை என்று சொன்னதும் எழும்பி நின்றார். தாயின் வைத்தியத்துக்காகக் கொழும்பில் தங்கியிருந்தாராம், காலி வீதியில் எந்தக் கடையில் நல்ல இடியப்பம் என்று எங்களுக்கே சொன்னார். பணம் வாங்க மறுத்துவிட்டார். எங்களிடமிருந்த கறித்தூளில் ஒரு போத்தல் கொடுத்தோம்.

மாலேக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் எங்கள் பயணம் முடிந்தது. படகில் வந்தவர் விமானத்தில் போவதென்றால் மாலுமிப் பட்டியலிலிருந்து பெயரை நீக்க வேண்டும். படகுத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம், புதிய பட்டியல், டிக்கற் எல்லாம் முகவர் மூலம் குடிவரவுக்குப் போய் வர நேரம் எடுக்கும், விமானத்துக்கு முதல் நாள் தொடங்கினால் முடியாது. அண்ணாவும் மச்சாளும் மிச்ச வாடையைப் பிடித்துத் தெற்கே, பூமத்திய ரேகைக்கு அப்பால் இருக்கிற அட்டுவை நோக்கிப் போனார்கள்.

பள்ளிக்கூடத்தில் மகனுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. மகளுக்குக் கணிதத்தில் இரண்டு அலகு விட்டிருந்தது. வகுப்பாசிரியர் இடைவேளைகளில் இருத்திச் சொல்லிக்கொடுத்தார், அடுத்த தவணைப் பரீட்சைக்குள் சரிவந்துவிட்டது. மாமி இப்போது அடுத்த முறை தன்னையும் மாலுமிப் பட்டியலில் போடச் சொல்கிறார். அவருடைய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.