கேட்டு வாங்கிய திருத்தம்

எங்கள் மென்பொருள் அணியில் கோட் ரிவ்யூ பார்ப்பது, அதாவது மற்றவர்கள் எழுதிய நிரலைச் சரிபார்ப்பது, என் வேலை. ஏஐ வந்த பிறகு சின்னச் சின்னப் பிழைகள் குறைந்துவிட்டன. ஆனால் "இதை ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்று கேட்டால் பதில் வருவதும் குறைந்துவிட்டது.

அண்மையில் ஒரு எஸ்கியூஎல் குவெரி (தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் கட்டளை) வந்தது. ஆர்டரே போடாத வாடிக்கையாளர்களும் அறிக்கையில் வர வேண்டும் என்று, எல்லா வாடிக்கையாளரையும் வைத்துக்கொண்டே ஆர்டர்களை இணைக்கும் லெஃப்ட் ஜாயின் போட்டிருந்தது. கீழே, முடிவை வடிகட்டும் 'வேர்' (where) கிளாஸில் ஆர்டர் தேதிக்கு ஒரு நிபந்தனை. ஆர்டர் இல்லாதவருக்குத் தேதி 'நல்' (null), அதாவது வெற்றாகத்தானே இருக்கும்? நிபந்தனை அவர்களை வெளியே தள்ளிவிடும். பெயருக்குத்தான் லெஃப்ட் ஜாயின், நடப்பது ஆர்டர் உள்ளவர்களை மட்டும் எடுக்கும் இன்னர் ஜாயின். நிபந்தனையை, எப்படி இணைப்பது என்று சொல்லும் 'ஆன்' (on) பகுதிக்கு மாற்றினால் சரி. எழுதியவர் ஏஐயிடம் கேட்டார், நொடியில் திருத்தம் வந்தது. அப்புறம் வேறொரு அறிக்கையில் அதே பிழை, அதே ஆளிடமிருந்து.

அவர் கெட்டிக்காரர்தான். எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, வரிவரியாக நீக்கிப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தால் லேசில் மறந்திருக்க மாட்டார். வெறுமனே படித்த சொல்லைவிடத் தானே யோசித்து வரவழைத்த சொல் நன்றாக நினைவில் நிற்கிறது என்று 1978இலேயே உளவியலாளர்கள் ஸ்லமெக்காவும் கிராஃபும் சோதனையில் காட்டியிருக்கிறார்கள்.

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வு இன்னும் நேரடியானது. சாட்ஜிபிடி போன்ற கருவியோடு கணக்குப் போட்டவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் மேலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தால், அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடை தராமல் குறிப்பு மட்டும் கொடுத்த கருவியில் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

அதனால் ஏஐக்குத் தடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கும் ஒரே மாதிரி வரும் பாய்லர்பிளேட் வரிகளை அது எழுதட்டும். (எழுத்துக் கோவைகளைத் தேடும் ரெஜெக்ஸ் குறியீடுகளை மனப்பாடம் செய்து யாருக்கு என்ன லாபம்?) பிழை திருத்தும்போது மட்டும் ஒரு விதி வைத்திருக்கிறோம்: ஏஐயிடம் போவதற்கு முன், காரணம் இதுவாக இருக்கலாம் என்று தன் ஊகத்தை, பிழையைப் பதிந்து வைக்கும் டிக்கெட்டில் ஒரு வரி எழுத வேண்டும். ஊகம் தப்பாகப் போனாலும் பரவாயில்லை. முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது ரிவ்யூவில் அந்த ஒரு வரியை வைத்துத்தான் பேச்சே தொடங்குகிறது. டெட்லைன் நெருங்கும் வாரங்களில் மட்டும் அது "தெரியவில்லை" என்றே வருகிறது. அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.