பெரோ பாலத்தடியில் விழுந்த சிலை

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் அடிமை வியாபாரி எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைக் கவிழ்த்துச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. "வரலாற்றை அழித்துவிட்டார்கள்" என்று இன்றைக்கும் யாராவது எழுதினால் என்னால் கடந்துபோக முடிவதில்லை.

எந்த வரலாறு? அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அந்த ஆள் இருந்த காலத்தில் சுமார் 84,000 ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். ஏறக்குறைய 19,000 பேர் கரையையே பார்க்கவில்லை. இதில் ஒரு வார்த்தை அந்தப் பீடத்தில் இருந்ததா? நகரத்தின் நற்குணமும் ஞானமும் மிக்க மகன் என்றுதான் 1895-இல் பொறித்து வைத்தார்கள், அவர் செத்து 174 வருஷம் கழித்து. உண்மையைச் சொல்லும் பலகை ஒன்றையாவது வையுங்கள் என்று ஊர்க்காரர்கள் எவ்வளவோ கேட்டார்கள். என்ன எழுதுவது என்ற இழுபறியிலேயே அது நின்றுபோனது. பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் 2020 ஜூன் 7 அன்று கயிறு போட்டார்கள். இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் தள்ளிய இடம் பெரோ பாலத்துக்குப் பக்கத்தில். பெரோ ஜோன்ஸ், பன்னிரண்டு வயதில் தன் இரண்டு சகோதரிகளோடு விலைக்கு வாங்கப்பட்டு, பிறகு எஜமானோடு பிரிஸ்டலுக்கு வந்தவர். அந்தப் பிள்ளையின் பெயரைத் தாங்கும் பாலம் அது. இதைப் படித்த அன்று வெகுநேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

நாலே நாளில் சிலையைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டார்கள். சிலையைக் கவிழ்த்ததாக வழக்கில் நிறுத்தப்பட்ட நால்வரையும் 2022 ஜனவரியில் ஜூரி விடுவித்தது. இப்போது சிலை எம் ஷெட் அருங்காட்சியகத்தில், மேலே தெளித்த சாயத்தைத் துடைக்காமல், மல்லாந்து கிடக்கிறது. பக்கத்திலேயே முழுக்கதையும் இருக்கிறது.