மேசைக்கு வாடகையா, காபிக்கு காசா

மார்ச் 2, திங்கள்

இந்த மாசம் பூரா ஒரே கணக்கத்தான் இங்க எழுதப்போறேன், வீட்டுக்கு வெளிய உக்காந்து வேலை பாக்க கஃபே சரியா, கோவொர்க்கிங் (மேசை, நாற்காலி, வைஃபையோட வாடகைக்கு விடற பொது ஆபீஸ் இடம்) சரியான்னு. யாரக் கேட்டாலும் கஃபே சீப், கோவொர்க்கிங் காஸ்ட்லின்னு பட்டுனு சொல்லிடறாங்க, எத வெச்சு சொல்றீங்கன்னு கேட்டா மட்டும் பதில் வராது.

ஊருக்கு ஊர் விலை மாறும், அதனால காசுல எழுதாம காபில எழுதறேன். ஒரு காபி விலை 1. ஒரு முழு நாள ஒரே காபிய வெச்சு ஓட்ட முடியாது, கொஞ்சம் மனசாட்சி இருக்கறவன் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது வாங்குவான், மதியம் சாப்பாடும் அங்கயே, ஆக ஒரு நாளுக்கு 5 வெச்சுக்கலாம். மாச மெம்பர்ஷிப் 60ன்னு வெச்சா 12 நாளைக்கு மேல போனாலே கோவொர்க்கிங் லாபம்னு தோணும். ஆனா மதிய சாப்பாடு எங்க இருந்தாலும் சாப்பிடத்தான் போறோம், அத கஃபே கணக்குல ஏத்தறது நியாயமே இல்ல. சாப்பாட்ட 2ன்னு கழிச்சா மிச்சம் 3, இப்ப 20 நாள் போனாதான் சரிக்கு சரி, அதாவது மாசத்துல வேலை நாள் கிட்டத்தட்ட மொத்தமும். இந்த ஒரு கழித்தல்லயே முடிவு தலைகீழா மாறிடுது, கோவொர்க்கிங்காரங்க விளம்பரத்துல இத ஒருத்தரும் கழிச்சு காட்டறதில்ல.

மார்ச் 4, புதன்

20 நாள் நெஜமாவே போவோமான்னு ஒரு கேள்வி இருக்குல்ல. டெல்லாவின்யா, மால்மெண்டியர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க அமெரிக்காவுல ஜிம் மெம்பர்ஷிப்ப ஆராய்ஞ்சு 2006ல ஒரு கட்டுரை போட்டாங்க. மாசம் 70 டாலருக்கு மேல கட்டினவங்க சராசரியா மாசத்துக்கு 4.3 தடவதான் போயிருக்காங்க, ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல விழுந்திருக்கு, 10 தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தா அதே ஜிம்ல தடவைக்கு 10 டாலர்ல முடிஞ்சிருக்கும். சேர்ற அன்னைக்கு நாம கற்பனை பண்ற ஆளு வேற, காலைல எழுந்து கெளம்ப வேண்டிய ஆளு வேற. கோவொர்க்கிங் ஹாட் டெஸ்க்குக்கும் (நமக்குன்னு தனி மேசை இல்லாம, காலியா இருக்கறதுல உக்கார்ற பிளான்) இது அப்படியே பொருந்தும்னு நெனைக்கறேன். மழை பெஞ்சா போகமாட்டோம், காலைல சீக்கிரமே ஒரு ஆபீஸ் போன் கால் வந்தா வீட்லயே உக்காந்துடுவோம், சந்தா மட்டும் கரெக்டா கழியும்.

மார்ச் 5, வியாழன்

இன்னைக்கு பூரா கஃபே. வேலை நல்லா ஓடுச்சு, டாக்குமெண்ட் எழுதற வேலைதான், யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல. மேத்தா, ஜூ, சீமா, இந்த மூணு பேர் 2012ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, சுத்தி 70 டெசிபல் அளவுக்கு சத்தம் இருந்தா 50 டெசிபல் அமைதிய விட புதுசா யோசிக்கற வேலை நல்லா வருதாம், 85க்கு போனா கெட்டுடுதாம். கஃபே இரைச்சல் தோராயமா அந்த 70 பக்கம்தான். ஆனா பக்கத்து மேசைக்கு ஒரு பிறந்தநாள் கும்பல் வந்துட்டா அதெல்லாம் எந்த ஆய்வுலயும் அடங்காது.

மார்ச் 9, திங்கள்

வீடியோ கால் இருக்கற நாள்தான் கஃபே செலவோட உண்மையான முகம் தெரியுது. ஜூம் சொல்ற கணக்குப்படி ரெண்டு பேர் பேசற 720பி வீடியோவுக்கு அப்லோட், டவுன்லோட் ரெண்டும் 1.2 எம்பிபிஎஸ் இருந்தா போதும். அது பெரிய வேகமே இல்ல, ஆனா கஃபே வைஃபைய அந்த நேரத்துல எத்தன பேர் உறிஞ்சறாங்கன்னு யாருக்கு தெரியும், பேச்சு வெட்டி வெட்டி போகுது, உடனே போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறணும். ரெண்டு பக்கமும் 1.2ன்னா ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1 ஜிபி. அந்த டேட்டா காசும் கஃபே கணக்குலதான் சேரும், யாரும் சேர்க்கறதில்ல.

வேகத்த விடுங்க, பேசறதே சிக்கல். கிளையண்ட் பேரு, தொகை, யாரு வேலைய விட்டு போறாங்க, இதெல்லாம் பக்கத்துல காபி குடிக்கறவர் காதுல விழற மாதிரி பேச முடியுமா? வைஃபைல ஹேக் பண்ணிடுவாங்கன்னு எல்லாரும் பயப்படறாங்க, இப்ப பெரும்பாலான சைட் எச்டிடிபிஎஸ்லதான் ஓடுது, அதாவது போற வர்ற தகவல் பூட்டித்தான் போகுது, அதுக்கு மேல இன்னொரு பூட்டா ஆபீஸ் விபிஎன்னும் இருக்கு, அத விட பின்னாடி உக்காந்திருக்கறவர் கண்ணுதான் எனக்கு கவலை. ஸ்க்ரீனுக்கு பிரைவசி ஃபில்டர் ஒட்டலாம், வாய்க்கு என்ன ஒட்டறது.

அப்பறம் டாய்லெட். லேப்டாப்ப தூக்கிட்டு போனா சீட்டு போயிடும், வெச்சுட்டு போனா லேப்டாப் போயிடும்.

மார்ச் 12, வியாழன்

கடைக்காரர் பக்கத்துல இருந்தும் யோசிக்கணும்ல. ஒரு சீட்டு ஒரு நாள்ல எத்தன தடவ கை மாறுதோ அதுலதான் அவருக்கு வாடகை வரணும், நாலு மணி நேரம் ஒரே கப்ப வெச்சிருக்கற ஆளு அவருக்கு நஷ்டம்தான். அதனாலதான் வைஃபைக்கு நேரக்கெடு, பிளக் பாயிண்ட மூடறது, வார கடைசில லேப்டாப் கூடாதுன்னு போர்டு. தென்கொரியாவுல ஸ்டார்பக்ஸ் 2025 ஆகஸ்ட்ல டெஸ்க்டாப், பிரிண்டர், மல்டி பிளக் எல்லாம் கொண்டு வராதீங்கன்னு நோட்டீஸே போட்டுச்சு. பிரிண்டர தூக்கிட்டு காபி குடிக்க போன மகராசன் யாருன்னு பாக்க ஆசையா இருக்கு.

இத நேர்மையா பண்ணவர் இவான் மித்தின்னு ஒருத்தர், 2011ல மாஸ்கோவுல ஜிஃபர்பிளாட்னு ஒரு இடம் தொறந்தார், அங்க காபி இலவசம், உக்கார்ற நிமிஷத்துக்குத்தான் காசு. நாம கஃபேல வாங்கறதும் நேரத்தத்தான், பில்லுல காபின்னு போட்டிருக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

கோவொர்க்கிங் ஒண்ண நேர்ல போய் பாத்தேன். நாற்காலி, அதுக்கே பாதி மார்க் குடுத்துடலாம். கஃபே நாற்காலிய யோசிச்சு பாருங்க, அது சாப்பிட்டு எழுந்து போறதுக்குன்னு செஞ்சது, முதுகுக்கு சாய்மானம் ஏதோ பேருக்கு. இங்க மானிட்டர் இருக்கு, லாக்கர் இருக்கு, போன் பேச கண்ணாடி பூத் இருக்கு. ஆனா பூத் நாலுதான், காலைல எல்லாரும் கால்ல இருக்கறப்ப எவ்ளோ நேரம் நிக்கணும்னு கேட்டேன், சிரிச்சாங்க.

போர்டுல இருக்கற விலை மட்டும் விலை இல்ல. டெபாசிட் தனி, வரி தனி, மீட்டிங் ரூம் மாசத்துக்கு இத்தன மணி நேரம்னு கிரெடிட், தாண்டினா தனி பில், ராத்திரி வரணும்னா வேற பிளான், விடணும்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லணும். இதெல்லாம் சேர்த்தா என்னோட 60 சுலபமா 75 ஆகும். வருஷத்துக்கு மொத்தமா கட்டினா தள்ளுபடின்னு ஒரே நச்சரிப்பு. நான் மாட்டேன்னுட்டேன். வீவொர்க் 2019ல 47 பில்லியன் டாலர் மதிப்புன்னு பேசப்பட்ட கோவொர்க்கிங் கம்பெனி, கட்டடத்த பல வருஷ குத்தகைக்கு எடுத்து மாச கணக்குல உள்வாடகைக்கு விட்டாங்க, ஆளு கொறைஞ்சாலும் குத்தகை கொறையாதுல்ல, 2023 நவம்பர்ல திவால் மனு போட்டுட்டாங்க. அவ்ளோ பெருசுக்கே அந்த கதின்னா சின்ன இடத்துக்கு ஒரு வருஷ அட்வான்ஸ் எந்த தைரியத்துல குடுக்கறது.

மார்ச் 20, வெள்ளி

கோவொர்க்கிங்க 2005ல சான் பிரான்சிஸ்கோவுல ஆரம்பிச்ச பிராட் நியூபெர்க், தொடக்கத்துல வாரத்துக்கு ரெண்டே நாள்தான் இடத்த தொறந்து வெச்சிருந்தாராம். ரெண்டு நாள்! எனக்கும் அவ்ளோதான் வேணும்.

மாச மெம்பர்ஷிப்பா கஃபேயான்னு கேட்டதால தான் விடை வரல. கால் நெறைய இருக்கற நாளுக்கு கோவொர்க்கிங்ல டே பாஸ் (அந்த ஒரு நாளைக்கு மட்டும் காசு), எழுதற நாளுக்கு கஃபே, மிச்சம் வீடு. கோவொர்க்கிங் இடத்தோட விலைய ஒரு நாளால வகுக்காம, தொந்தரவில்லாம பேச முடிஞ்ச மணி நேரத்தால வகுத்தா டே பாஸ் காஸ்ட்லியாவே தெரியல. தினமும் நாலஞ்சு மணி நேரம் கால்ல இருக்கற சேல்ஸ், சப்போர்ட் ஆளுங்களுக்கு இது பொருந்தாது, அவங்க கஃபே பக்கமே போகாம நேரா தனி டெஸ்க் எடுத்துடலாம், அதையும் கம்பெனி தலைல கட்ட பாக்கணும்.

மார்ச் 24, செவ்வாய்

மேனேஜர்கிட்ட கேட்டாச்சு. டே பாஸ் பில்லு கம்பெனி பேர்ல இருந்தா பாதி தருவாங்களாம், கஃபே பில்லுக்கு ஒண்ணும் கெடையாது, ஏன்னா அது சாப்பாட்டு செலவாம். ஆக என்னோட காபி கணக்குல டே பாஸ் விலை இப்பவே பாதியாயிடுச்சு.

ஏப்ரலுக்கு 10 நாள் பாஸ் கட்டு ஒண்ணு வாங்கிட்டேன், 3 மாசம் வரைக்கும் செல்லும். கால் எல்லாத்தையும் செவ்வாய், வியாழனுக்கே தள்ளலாமான்னு டீம்ல கேட்டிருக்கேன், ரெண்டு பேர் சரின்னுட்டாங்க, வேற டைம் ஸோன்ல இருக்கற ஒருத்தர் மட்டும் இன்னும் பதில் போடல.