சம்பந்தியம்மாவோட வம்சத்தைத் தேடி

எங்க சம்பந்தியம்மா அமெரிக்காக்காரங்க, பூர்வீகம் பென்சில்வேனியா. "நம்ம முன்னோர் ஒருத்தர் வாஷிங்டன் படையில இருந்தார்"னு அவங்க பாட்டி சொல்லிட்டே இருப்பாங்களாம், அதை நிரூபிச்சு 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' சங்கத்துல சேரணும்னு இவங்களுக்கு ரொம்ப நாள் ஆசை. அமெரிக்க சுதந்திரப் போருக்கு உதவினவங்க வம்சத்துப் பொண்ணுங்க மட்டும் சேரக்கூடிய சங்கம் அது, 1890ல ஆரம்பிச்சது. 1939ல மரியன் ஆண்டர்சன் கறுப்பினப் பாடகிங்கறதால சங்கத்தோட ஹால்ல பாட இடம் குடுக்கல, அப்போதைய ஜனாதிபதியோட மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டே சங்கத்துல இருந்து ராஜினாமா பண்ணிட்டு வெளிய வந்தாங்க, அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் உண்டு. இருந்தாலும் சம்பந்தியம்மா கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா, லேப்டாப்பைத் தூக்கிட்டு உக்காந்துட்டேன்.

பாட்டி சொன்னதெல்லாம் அங்க செல்லாதுங்க. இவங்களுக்கு அம்மா, அம்மாவுக்கு அப்பா, அப்படியே ஒவ்வொரு படிக்கும் பேப்பர் வேணும். பின்னோக்கிப் போறப்போ 1850 வரைக்கும் சென்சஸ் ஓரளவு கை குடுக்குது, அதுக்கு முந்தி குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான் இருக்கும், பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் வெறும் எண்ணிக்கை. இதுல பொண்ணு வழியா போற வம்சம்னா கேக்கவே வேணாம், கல்யாணம் ஆனதும் பேர் மாறிடும், அதோட ஆளே காணாமப் போயிடுவாங்க. ராணுவ ரெக்கார்டாவது இருக்கும்னு பாத்தா, 1800ல போர்த்துறை ஆபீஸ்ல தீப்பிடிச்சு ஏகப்பட்டது போயிடுச்சு.

கடைசில வழி காட்டினது பென்ஷன் ஃபைல்தான். தேசிய ஆவணக் காப்பகத்துல அந்தக் காலத்து ஃபைல் சுமார் 80,000 இருக்கு, இப்ப வீட்ல இருந்தே பாக்கலாம். 1820ல பென்ஷன் வாங்கிட்டிருந்தவங்க வறுமையை நிரூபிக்க சொத்துப் பட்டியல் குடுக்கணும்னு சட்டம் போட்டாங்க, நம்ம ஆளு ஃபைல்லயும் அது இருந்துச்சு, ஒரு மாடு, ரெண்டு பன்னி, ஓட்டைக் கெட்டில் ஒண்ணு. சுதந்திரம் வாங்கிக் குடுத்தவருக்கு மிச்சம் அவ்ளோதான், படிச்சப்போ வயிறு எரிஞ்சுது.

ஆனா எங்களுக்கு வேண்டியது அவர் குடுத்த பேப்பர்ல இல்ல, அவர் சம்சாரம் குடுத்ததுல இருந்துச்சு. 1836ல விதவைகளுக்கு பென்ஷன் வந்தப்போ, போர்ச் சேவை முடியறதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும்னு கண்டிஷன். இந்தம்மாவுக்கு கல்யாணம் 1788ல, போர் முடிஞ்சதுக்கு அப்புறம், அதனால அப்போ கிடைக்கல. 1838ல அந்த வரம்பை 1794க்குத் தள்ளினாங்க, உடனே மனு போட்டிருக்காங்க. கல்யாணப் பத்திரம் எதுவும் கிடையாது, அதனால வீட்டு பைபிள்ல புள்ளைங்க பேரும் பொறந்த தேதியும் எழுதி வச்ச பக்கத்தைக் கிழிச்சு மனுவோட அனுப்பிட்டாங்க, பழுப்பு மசி, ஓரமெல்லாம் பிசிறு. அந்த லிஸ்ட்ல நாலாவது பேர், சம்பந்தியம்மாவோட நேர் பாட்டி வரிசையில நாங்க தேடிட்டிருந்த பொண்ணு! கல்யாணத்துக்கு அப்புறம் அவங்க பேர் என்ன ஆச்சுங்கறது அப்பாவோட உயில்ல இருந்துச்சு, 'என் மகள், இன்னாரின் மனைவி'ன்னு. சிப்பாய் பேர்ல ஃபைல் இருக்கு, சரி, ஆனா வம்சத்தை நிரூபிச்சது அந்தம்மா கிழிச்ச பக்கம்தான்.

விண்ணப்பம் போயாச்சு. சம்பந்தியம்மா இப்ப அவங்க அப்பா வழியையும் தோண்டச் சொல்றாங்க. அந்தப் பக்கத்து ஆளு போர் முடிஞ்சதும், அப்போ பிரிட்டிஷ் கையில இருந்த கனடாப் பக்கம் நோவா ஸ்கோஷியாவுக்குக் கிளம்பியிருக்காரு, அநேகமா பிரிட்டிஷ் ராஜா பக்கம் நின்னவர்தான். சொன்னேன். "அதை சங்கத்துல சொல்ல வேணாம், ஆனா நீங்க தேடுங்க"ன்னாங்க.