பரிமாறாமல் சாப்பிட்ட நாட்கள்: இத்தாலி நாட்குறிப்பு

7 அக்டோபர் 2025, செவ்வாய். ஃப்ளோரன்ஸ்

மதியம் வந்து சேர்ந்தோம். எட்டுப் பெண்கள், ஆண் துணை இல்லை. வங்கியில் ஓய்வுபெற்ற மதுரை அக்கா, கோவை டாக்டரம்மா, சிங்கப்பூரிலிருந்து நேரே வந்து சேர்ந்துகொண்ட தங்கை, ஈரோட்டுச் சம்பந்தியம்மாக்கள் இருவர் (மகனையும் மருமகளையும் வீட்டில் விட்டுவிட்டு இவர்கள் ஜோடியாகக் கிளம்பி வந்ததே தனிக் கதை), சென்னையிலிருந்து நாங்கள் மூன்று பேர். வழிகாட்டி இந்த ஊர்ப் பெண், கலை வரலாறு படித்தவர்.

இரவுச் சாப்பாட்டில் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்த அக்கா, "உப்பே போடலையேம்மா" என்றார். இந்த டஸ்கனி வட்டாரத்து ரொட்டியே அப்படித்தானாம். உப்பு வரி என்றும் பீசா நகரத்துடன் பகை என்றும் காரணம் சொல்வார்கள், எதற்கும் உறுதியில்லை. ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட கவிஞர் தாந்தே, அடுத்தவர் வீட்டு ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும் என்று கவிதையில் புலம்பியிருக்கிறார். அதன் பிறகு ரிபொல்லித்தா வந்தது. பழைய ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கறுப்பு முட்டைக்கோஸ் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சிய சூப். அதில் ஊறிய பிறகு ரொட்டியின் உப்பை யாரும் தேடவில்லை.

சூப் பாத்திரம் மேசைக்கு வந்ததும் மூன்று பேர் சட்டென்று எழுந்து நின்றோம், பரிமாற. பரிமாற வந்த பையன் மிரண்டு ஓரடி பின்னால் போனான். உட்காருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

8 அக்டோபர், புதன்

இந்தப் பயணத்துக்கு நான் பணம் கட்டியதே இன்று பார்த்த ஓவியத்துக்காக. சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ப்ளவ்தில்லா நெல்லியின் 'கடைசி இராவுணவு'. நெல்லி 1524இல் பிறந்து 1588இல் இறந்தவர். சாந்தா கத்தரீனா மடத்தில் கன்னியாஸ்திரீ, தலைவியாகவும் இருந்தவர். ஓவியம் ஏறக்குறைய ஏழு மீட்டர் அகலம், ஆட்கள் முழு ஆள் உயரம். தன் மடத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்காகவே வரைந்தார். பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, நான்காண்டுச் சீரமைப்புக்குப் பின் 2019 அக்டோபரில்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்திருக்கிறது.

மற்ற ஓவியர்கள் போட்ட இராவுணவு மேசைகளில் ரொட்டியும் கோப்பையும் பேருக்கு இருக்கும். இங்கே உண்மையிலேயே சாப்பாடு இருக்கிறது. வறுத்த ஆட்டுக்கறி, கீரை இலைகள், தோலோடு மொச்சை போன்ற ஃபாவா பீன்ஸ், உப்புக் கிண்ணங்கள், ஒயின். மேசை விரிப்பை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். துவைத்து, மடித்து, அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்து விரித்தது போல மடிப்புக் கோடுகள் கட்டம்கட்டமாக நிற்கின்றன. துணி மடித்த கை வரைந்தது, சந்தேகமே இல்லை.

அதே காலத்து ஓவியர் வசாரி தன் ஓவியர் வரலாற்றில் நெல்லியைப் பற்றி எழுதியிருக்கிறார். பெண் முகங்களை ஆண் முகங்களைவிட நன்றாக வரைகிறார், ஏனென்றால் பெண்களைத்தான் அவரால் விருப்பப்படி பார்க்க முடிந்தது என்கிறார். பாராட்டா குத்தலா, தெரியவில்லை. சீடர் யோவான் முகத்தைப் பாருங்கள், மடத்துச் சின்னப்பெண் ஒருத்தி மாதிரியாக உட்கார்ந்து கொடுத்திருப்பாள் என்றே எனக்குத் தோன்றியது. மேலே இடது மூலையில் தன் பெயரும், ஓவியம் வரைந்தவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்ற வரியும்.

சம்பந்தியம்மாக்களில் ஒருவர் கேட்டார்: "இந்தப் படத்துக்குக் கீழ உக்காந்து சாப்ட்டாங்களே, அவங்களுக்கு இந்த ஆட்டுக்கறி கெடச்சுதா?" வழிகாட்டி சிரித்துவிட்டு, பதில் சொல்லாமல் நகர்ந்தார்.

9 அக்டோபர், வியாழன்

காலையில் உஃபிசி ஓவியக்கூடம். போத்திசெல்லி அறையில் கூட்டம் தேர்த்திருவிழாதான். அவர் வரைந்த வீனஸை ஆளாளுக்குச் செல்போன் திரையில் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சிறு குழுவாக வந்ததன் பலன் இங்கே தெரிந்தது. வழிகாட்டி எங்களை அந்த அறையில் நிறுத்தவே இல்லை, நேரே கீழ்த்தளம், பெண் ஓவியர் ஆர்தெமிசியா ஜென்டிலெஸ்கி.

விவிலியக் கதையில் வரும் யூதித், எதிரித் தளபதி ஓலொஃபெர்னஸின் கழுத்தை அறுக்கும் காட்சி, 1620ஐ ஒட்டி வரைந்தது. இதே காட்சியை வரைந்த கரவாஜோவின் ஓவியத்தில் வேலைக்காரி ஒரு கிழவி, பையை விரித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். ஆர்தெமிசியாவின் வேலைக்காரி இளம்பெண், தன் முழு எடையையும் போட்டு அவனை அழுத்திப் பிடித்திருக்கிறாள். இருவருக்கும் சட்டைக் கை முழங்கை வரை ஏறியிருக்கிறது. படுக்கை விரிப்பில் ரத்தம் ஓடைஓடையாக வழிகிறது. மதுரை அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சேவல் அறுக்கறப்ப நாங்க புடிக்கிற புடி இது. தெரிஞ்சவதான் வரைஞ்சிருக்கா" என்றார். இதைவிட நல்ல கலை விமர்சனம் இன்று நான் கேட்கவில்லை.

ஆர்தெமிசியாவின் வழக்கு பலருக்கும் தெரிந்ததுதான். தன்னைக் கெடுத்தவன் மீதான 1612 விசாரணையில், சொல்வது உண்மையா என்று சோதிக்க அவர் விரல்களில் கயிறு சுற்றி முறுக்கினார்கள். அதன் பிறகு ஃப்ளோரன்ஸ் வந்து, 1616இல் இங்குள்ள ஓவியக் கழகத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண்ணானார். எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய ஒரு சின்ன விஷயம். 1635இல் கலிலியோவுக்கு எழுதிய கடிதத்தில், ஊரை ஆண்ட பெரிய கோமகனிடமிருந்து யூதித் ஓவியத்துக்குச் சேர வேண்டிய பணம் அவர் உதவியால்தான் கிடைத்தது என்று நினைவுபடுத்துகிறார். ரத்தமும் கண்ணீருமாக ஆர்தெமிசியாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பாக்கி வசூலையும் சேர்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

மாலை காசா புவொனாரோத்தி. மைக்கேலாஞ்சலோவின் தம்பி பேரன், குடும்பப் பெருமைக்காக அலங்கரித்த வீடு. அங்கே ஒரு கூரையில் ஆர்தெமிசியா வரைந்த நிர்வாணப் பெண் உருவம். பிற்கால வாரிசு ஒருவர், பெண்டு பிள்ளைகள் இருக்கிற வீடு என்று சொல்லி 1680களில் வேறொரு ஓவியரைக் கொண்டு அதற்குத் துணி கட்டிவிட்டார். அண்மையில் ஆய்வாளர்கள் எக்ஸ்ரே எல்லாம் எடுத்து அடியில் இருப்பதைக் கணினியில் மீட்டிருக்கிறார்கள். கூரையில் துணி அப்படியே இருக்கிறது. கழுத்து வலிக்கும், நாற்காலி கேளுங்கள்.

10 அக்டோபர், வெள்ளி

பாதி நாள் வீண். எங்களை அழைத்துவந்த நிறுவனம் 'தோல் பொருள் செய்முறை விளக்கம்' என்று நிகழ்ச்சிநிரலில் போட்டிருந்தது சுத்தமான கடை விற்பனை. டாக்டரம்மா வாசலிலேயே உட்கார்ந்து கொண்டார், உள்ளே வரவேயில்லை. நல்ல உதாரணம்.

மாலையில், இந்த ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பத்துக் கடைசிப் பெண் அன்னா மரியா லூயிசாவைப் பற்றிப் பேச்சு வந்தது. 1737இல், ஆட்சி வேறு வம்சத்துக்குப் போகும்போது, குடும்பத்தின் கலைச் செல்வம் ஒன்றுகூட இந்த ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது என்று ஒப்பந்தம் எழுதி வாங்கியவர். நேற்று பார்த்தவற்றில் பாதி அவர் போட்ட பூட்டுக்குள் இருப்பவை. ஜன்னலோரம் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டோம்.

11 அக்டோபர், சனி. கியாந்தி

க்ரேவேயில் சனிக்கிழமைச் சந்தை. முக்கோணமான சதுக்கம், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரங்கள். அங்கிருந்து மலைப்பாதையில் ஒரு திராட்சைத் தோட்டம். அம்மாவும் மகளும் நடத்துகிறார்கள். அறுவடை முடிந்துவிட்டது, சாறு தொட்டியில் நொதித்துக்கொண்டிருக்கிறது.

மகள் ஏணி போட்டு ஒவ்வொருவராக மேலே ஏற்றினாள். எட்டிப் பார்த்தால் முகத்தில் சூடு அடிக்கிறது. கருநீல நுரை, அதன் மேல் திராட்சைத் தோல்கள் திண்டு போலக் கட்டி மிதக்கின்றன. குனிந்து மூச்சு இழுத்ததும் மூக்கில் சுருக்கென்று குத்தியது, கரியமில வாயு. தோல்தான் நிறத்தையும் துவர்ப்பையும் தருகிறது, அதனால் அடியிலிருந்து சாறை இறைத்து அந்தத் திண்டின் மேல் திரும்பத் திரும்ப ஊற்றுகிறார்கள். இந்த வட்டாரத்து ஒயினுக்குக் கியாந்தி கிளாசிக்கோ என்று பெயர் போட 80 சதவீதமாவது சாஞ்ஜொவேசே திராட்சை வேண்டும், குறைந்தது 12 மாதம் பதப்பட வேண்டும், ரிசெர்வா என்றால் 24. இந்த நிலப்பரப்புக்கு எல்லை வகுத்து மெதிச்சி கோமகன் மூன்றாம் கோசிமோ ஆணை போட்டது 1716இல்.

புட்டிக் கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை. கதை இதுதான்: ஃப்ளோரன்ஸும் சியெனாவும் எல்லைச் சண்டையைத் தீர்க்க, சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் குதிரைவீரர் கிளம்பி, சந்திக்கும் இடமே எல்லை என்று பேசிக்கொண்டார்கள். சியெனாக்காரர்கள் தங்கள் வெள்ளைச் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டார்கள். ஃப்ளோரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசியில் அது விடியுமுன்பே கத்திவிட்டது, நிலமெல்லாம் ஃப்ளோரன்ஸுக்கு.

சுவைக்க உட்கார்ந்ததும்தான் எங்கள் பிரச்சினை தொடங்கியது. எட்டில் இருவர் குடிக்க மாட்டார்கள், அவர்களுக்குத் திராட்சைச் சாறு வந்துவிட்டது. மீதி ஆறு பேரும் குடித்தோம். ஆனால் செல்போன் எடுத்தால் போதும், கோப்பைகள் மேசைக்கு அடியில் போய்விடுகின்றன. "குடும்பக் குரூப்ல போட்றாதடி" என்ற கெஞ்சல் வேறு. கடைசியில் எடுத்த படத்தில் எல்லார் கையும் மடியில், மேசையில் சாறு குடித்த இருவரின் கோப்பை மட்டும். அதுவும் சிவப்புத்தான். பழி முழுதும் அந்தச் சம்பந்தியம்மாக்கள் மேல். இருவரும் கவலைப்படவில்லை: "ரெண்டு வீட்டுலயும் கேக்க வேண்டியவங்க நாங்கதானே!"

முதல் வாய் எனக்குப் பிடிக்கவில்லை, நாக்கு இழுத்துக்கொண்டது. வெள்ளை பீன்ஸும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிய ரொட்டியோடு இரண்டாம் வாய் வேறு மாதிரி இருந்தது. கொழுப்பு இருந்தால்தான் அந்தத் துவர்ப்புக்கு வேலை. கடைசியில் வின் சாந்தோ: திராட்சையைப் பரப்பி உலர்த்திப் பிழிந்து, பரணில் சிறு பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைக்கும் இனிப்பு ஒயின். வாதுமை பிஸ்கட்டை அதில் முக்கித் தின்றோம். ஒளிக்க யாருக்கும் தோன்றவில்லை.

13 அக்டோபர், திங்கள். பொலோன்யா

விரைவு ரயிலில் முக்கால் மணிகூட ஆகவில்லை. திங்கள் என்பதால் ஓவியக்கூடம் பூட்டு, ஆகவே பாஸ்தா மாவு வகுப்பு. கற்றுக்கொடுத்தவர் எழுபது வயதுக்காரர், நாற்பது ஆண்டுகளாக மாவு தேய்ப்பதே தொழில். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் கிடையாது. உருட்டுக்கட்டை என் கை நீளத்துக்கு மேல். தேய்த்த மாவைக் கட்டையிலேயே சுற்றி, உள்ளங்கையால் வெளிப்பக்கம் தள்ளித்தள்ளி விரிக்கிறார். மாவின் வழியாகப் பார்த்தால் மலைமேல் உள்ள சான் லூக்கா கோயில் தெரிய வேண்டுமாம், அதுதான் இந்த ஊர்ப் பதம். எங்கள் மாவில் எதிர்ச் சுவர் மங்கலாகத் தெரிந்தது. வெந்த தாலியாத்தெல்லே (நாடா போன்ற பாஸ்தா) 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972இல் தங்கத்தில் ஒரு மாதிரி செய்து வணிகச் சங்கத்தில் வைத்திருக்கிறார்கள். முட்டை சாப்பிடாதவர்களுக்கு ரவையும் தண்ணீரும் சேர்த்துத் தெற்கத்திப் பக்குவத்தில் பிசைந்து கொடுத்தார், முகம் சுளித்துக்கொண்டே.

14 அக்டோபர், செவ்வாய். பார்மா அருகே

பாலாடைக்கட்டிக் கூடம், காலை எட்டு மணி. முந்தின நாள் மாலைப் பாலை இரவு முழுதும் வைத்து ஆடை எடுத்து, காலைப் பாலோடு சேர்த்துச் செப்புக் கொப்பரையில் காய்ச்சுகிறார்கள். அடியில் திரண்ட கட்டியை இரண்டு பேர் மரத் துடுப்பால் கிளப்பி, துணியில் ஏந்தி, இரண்டாக அறுத்துக் கட்டினார்கள். ஒரு சக்கரம் சராசரியாக 40 கிலோ இருக்கும், ஐந்நூறு லிட்டருக்கு மேல் பால் போகிறது. பன்னிரண்டு மாதத்துக்கு முன் விற்க முடியாது. கிடங்கில் ஒருவர் சின்னச் சுத்தியலால் தட்டித்தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார், உள்ளே வெடிப்பிருந்தால் ஓசை மாறிவிடும்.

அங்கேதான் சென்னைத் தோழி கேட்டார்: பால் திரிய என்ன போடுகிறீர்கள்? கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். இங்கே செய்கிற பார்மிஜானோ ரெஜ்ஜானோ (பார்மேசன்) என்றால் அது கட்டாயம், சைவ வகை கிடையாது. நாலு நாளாக பாஸ்தாமேல் தூவித் தூவிச் சாப்பிட்டவர் அவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை முதல் நாளே சொல்லியிருக்கணும்" என்று வழிகாட்டியிடம் நேராகச் சொன்னார். சரியான கோபம். சைவர்கள் கவனத்துக்கு: லேபிளில் 'காலியோ வெஜெத்தாலே' என்றிருந்தால் வாங்கலாம், டஸ்கனியில் முட்செடிப் பூவால் திரித்த ஆட்டுப்பால் கட்டிகள் கிடைக்கும்.

15 அக்டோபர், புதன். பொலோன்யா

கடைசி நாள், இந்த ஊர் ஓவியர் எலிசபெத்தா சிரானிக்கு. 1638இல் பிறந்து 27 வயதில் செத்துப்போனவர். அதற்குள் ஏறக்குறைய இருநூறு ஓவியம். இவ்வளவு வேகமாக ஒரு பெண்ணால் முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்ததால், ஆட்கள் பார்க்கப் பார்க்க வரைந்து காட்டினார். பெண்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். அப்பாவும் ஓவியர்தான், கீல்வாதத்தில் கை முடங்கியதும் வீட்டுச் செலவு முழுக்க மகள் தலையில். திடீரென்று இறந்தபோது விஷம் வைத்ததாக வேலைக்காரப் பெண்மேல் வழக்கே நடந்தது. வயிற்றுப் புண்ணாக இருக்கலாம் என்கிறார்கள் இன்றைக்கு. டாக்டரம்மா அறிகுறிகளைக் கேட்டுவிட்டு, "சாப்பிட நேரமில்லாம வேலை பாத்திருக்கா" என்று தலையை ஆட்டினார்.

சான் தொமெனிக்கோ தேவாலயத்தில், இந்த ஊரின் புகழ்பெற்ற ஓவியர் குயிதோ ரெனியோடு ஒரே இடத்தில் புதைத்திருக்கிறார்கள். ரெனி இறந்தபோது இவருக்கு நாலு வயது.

சிரானி தான் வரைந்த ஒவ்வொன்றையும், யாருக்காக என்பதையும் ஆண்டுவாரியாகப் பட்டியல் எழுதி வைத்திருந்தார். 1678இல் அது அச்சிலும் வந்தது. வழிகாட்டி இதைச் சொன்னதும் மதுரை அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ரிக்கார்டு எல்லாம் சுத்தமா வச்சிருக்கா. பணம் யார் கையில போச்சு?"

"குடும்பத்துக்கு."

"அதானே," என்றார் அக்கா. மதியச் சாப்பாட்டுக்கான ரசீதை வாங்கி, எட்டாக வகுக்கத் தொடங்கினார்.