கொலிஸ்டின் கிருமியை எப்படிப் பிடிக்கிறது

பொள்ளாச்சியை அடுத்த கோபாலபுரத்தில், கேரள எல்லைக்குச் சற்று இப்பால் உள்ள எங்கள் கறிக்கோழிப் பண்ணையில், 2019க்கு முன்பு குஞ்சு இறக்கிய முதல் வாரத்திலேயே குடிதண்ணீரில் ஒரு தூளைக் கலந்துவிடுவோம். கழிச்சல் வராது, எடை நன்றாகப் பிடிக்கும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். பையின் பின்புறம் பொடி எழுத்தில் ‘கொலிஸ்டின்’ என்ற ஆன்டிபயாட்டிக்கின் பெயர் இருந்ததை, நுண்ணுயிரியல் படித்துவிட்டு வீடு திரும்பிய பிறகே நான் வாசித்தேன். “அது எப்படிக் கண்ணு கிருமியை மட்டும் தேடிப் பிடிக்குது?” என்று அப்பா கேட்டார்.

கொலிஸ்டின் பத்தே அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி, அதாவது பெப்டைடு. ஏழு வளையமாகச் சுருண்டிருக்க, மீதி மூன்றின் நுனியில் ஒரு கொழுப்பு அமில வால் இருக்கிறது. இந்த மூலக்கூறின் மீது ஐந்து நேர்மின்சுமைகள் உள்ளன. ஈ.கோலை போன்ற பாக்டீரியாவின் வெளிச்சவ்விலோ, ‘லிப்பிடு ஏ’ என்ற கொழுப்பு மூலக்கூறுகளின் பாஸ்பேட்டுகளால் எதிர்மின்சுமை மிகுந்திருக்கிறது. ஒன்றையொன்று விலக்க வேண்டிய அவற்றை, செங்கற்களுக்கு நடுவிலுள்ள சாந்தைப்போல, மக்னீசியம், கால்சியம் அயனிகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. கொலிஸ்டின் அந்த அயனிகளைத் தள்ளிவிட்டு அவ்விடத்தில் தான் அமர்கிறது. உருவத்தில் பெரியதாகையால் அடுக்கு நெகிழ்ந்துவிட, வால் கொழுப்புக்குள் நுழைந்து சவ்வைக் குலைக்கிறது. உட்சவ்வும் இப்படியே சிதையும்போது உள்ளிருப்பவை கசிந்து கிருமி சாகிறது. நம் செல்களின் வெளிப்புறக் கொழுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நிகர மின்சுமை இல்லாததால் ஈர்ப்பு குறைவு. ஆயினும் கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, பிற மருந்துகள் கைவிட்ட நோயாளிகளுக்கென்றே மருத்துவர்கள் அதைக் காத்து வைத்திருக்கிறார்கள்.

அப்பாவை அதிரவைத்தது இதற்கு அடுத்த பகுதி. லிப்பிடு ஏ-யின் பாஸ்பேட்டில் பாஸ்போஎத்தனாலமைன் என்ற சிறு மூலக்கூறை ஒட்டிக்கொண்டு பாக்டீரியா தன் எதிர்மின்சுமையைக் குறைத்துவிட்டால், மருந்துக்குப் பிடிமானம் தளர்ந்துவிடும். இவ்வித்தைக்கான எம்சிஆர்-1 மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் பிளாஸ்மிடு என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். நோயில்லாத குஞ்சுக்குத் தினமும் சிறிதளவு மருந்து கொடுப்பது, அதன் குடலில் அத்தகைய கிருமிகளை மட்டும் பொறுக்கி வளர்ப்பதற்குச் சமம். அக்கோழிகளைத்தான் நாங்கள் இரவு லாரியில் கேரளத்தின் சித்தூருக்கும் பாலக்காட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கெனக் கொலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் விநியோகிப்பதையும் இந்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது. அப்பா மிச்சமிருந்த இரண்டு பைகளையும் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தார். இப்போது ஒவ்வொரு முறையும் குஞ்சு இறங்குமுன் கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, நன்றாகக் காயவிடுகிறோம்.