சுவரில் பூஞ்சணம்: வீட்டுக்காரரா, நாங்களா?

மாரி முடிந்து தை பிறக்கும்போது திருகோணமலையில் வாடகைக்கு இருக்கிறவர்கள் கூடினால் இந்தக் கதை வராமல் போகாது. அலுமாரியைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் பின்சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி, உடுப்பெல்லாம் ஒரு மக்கின மணம். வீட்டுக்காரரிடம் சொன்னால் "யன்னலைத் திறந்து விடுங்கோ தம்பி, எல்லாம் காஞ்சிடும்" என்பார். வாடைக்காற்று மழையைச் சரித்து அடிக்கிற கார்த்திகையில் கடல்பக்க யன்னலைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன!

ஆனாலும் வீட்டுக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. சண்டை பிடிக்க முதல் தண்ணீர் எங்கால் வருகிறது என்று பாருங்கள், பாதி வழக்கு அதிலேயே தீர்ந்துவிடும். நிலத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, பெயின்ட் பொருமி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது அத்திவாரத்துப் பிரச்சினை. சீலிங்கில் மண்ணிற வளையம் என்றால் மேலே கொங்கிறீட் பிளேட் (மேல்தளம்) வெடித்திருக்கும், இல்லாவிட்டால் பீலி அடைத்திருக்கும். அறை மூலையிலும் அலுமாரிக்குப் பின்னாலும் மட்டும் புள்ளி புள்ளியாக வந்தால் அனேகமாக வீட்டுக்குள் தங்கிய ஈரக்காற்றுத்தான்: சமையல் ஆவி, குளியலறை ஆவி, மழைக்கு அறைக்குள்ளேயே கட்டின உடுப்புக்கொடி. சந்தேகம் என்றால் ஒரு துண்டு அலுமினியத் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, முன்பக்கம் வியர்த்திருந்தால் அறைக்குள்ளிருந்து.

முதல் இரண்டும் வீட்டுக்காரர் தலையில். எங்கள் நாட்டில் வாடகை விஷயத்தில் இன்னும் ஒல்லாந்தர் காலத்து ரோமன் டச்சுச் சட்டம் செல்லும். குடியிருக்கத் தகுந்த நிலையில் வீட்டைக் கொடுத்து அப்படியே பேணுவது உரிமையாளரின் கடமை, கவனமாகப் பாவிப்பது வாடகைக்காரரின் கடமை. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது, அதனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது பெரிய விஷயம். "சிறு திருத்தங்கள் வாடகைக்காரர் பொறுப்பு" என்ற வரியைக் காட்டி பிளேட் வெடிப்பையும் எங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பல்ப் மாற்றுவது சிறு திருத்தம், பிளேட் பூசுவதா சிறு திருத்தம்?

நான் முன்பு இருந்த வீட்டில் குளியலறைச் சுவருக்குள் பைப் கசிந்தது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர் ஆள் விட்டுப் புதுப் பெயின்ட் அடிப்பித்தார், ஒவ்வொரு முறையும் அது தோல் உரிவதுபோலக் கழன்று விழுந்தது. கடைசியில் மேசன் வந்து டைல்ஸை உடைத்துப் பைப்பை மாற்றிய பிறகுதான் நின்றது. அவர் பெயின்டுக்குக் கொட்டின காசை நினைத்தால் இப்பவும் சிரிப்பு வரும்.

அப்புறம், கண்டவுடனே சொல்லுங்கள், அதுவும் எழுத்தில். திகதி தெரிகிற மாதிரி வட்ஸ்அப்பில் படம் போட்டால் போதும். ஒரு வருசம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு வீடு விடும்போது சொன்னால் முற்பணத்தில்தான் கைவைப்பார்கள். பூஞ்சணம் 10 சதுர அடிக்குள் என்றால் மாஸ்க் போட்டு, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு நீங்களே துடைக்கலாம். வீட்டில் இழுப்புக்காரர் (ஆஸ்துமா உள்ளவர்) இருந்தால் அந்த அறையில் படுக்க விடாதீர்கள். திருத்தின செலவை நீங்களாகவே வாடகையில் கழிக்க வேண்டாம், அது வேறு வழக்காகிவிடும். பேசிச் சரிவராவிட்டால் கோர்ட்டுக்கு ஓட முதல் மத்தியஸ்த சபைக்குப் போய்ப் பாருங்கள், அங்கே சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை.